பூரணத்தில் காலியிடம் இல்லை

சர்வருக்குப் பூசணிக்காய் சுற்றுவதா, தேங்காய் உடைப்பதா என்பதில்தான் மக்கள் பதிவு ஆணையத்தின் தொடக்க விழாக் குழு முதலில் இரண்டாகப் பிரிந்தது. தேங்காய்த் தண்ணீர் தெறித்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும் என்றது ஒரு தரப்பு. பூசணிக்காய் வெறும் திருஷ்டிக்குத்தான், தேங்காய் இல்லாமல் பிள்ளையாரை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்றது மறு தரப்பு. மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடே எழவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவர் மங்கையர்க்கரசி. ஆணையத்தின் தரச் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். புதிய மென்பொருள் எதுவானாலும், "இது மக்கள் பயன்பாட்டுக்குத் தயார்" என்று அவர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது மக்கள் தலையில் இறங்கலாம் என்பது விதி. இதுவரை வந்த எல்லாவற்றுக்கும் அவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். "குறைகளுக்கு உட்பட்டு ஏற்கப்படுகிறது" என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தார். அதற்குள் எந்தக் குறையையும் அடக்கலாம்.

இப்போது வந்திருந்த தரவுத்தளத்தின் பெயர் பூரணம். கொழுக்கட்டைக்குள் வைப்பதல்ல, முழுமை என்று பொருள் என்பதை அந்த நிறுவனத்தின் இளம் நிபுணர் நிரஞ்சன் ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்க வேண்டியிருந்தது.

"சார், உலகத்துல எந்த டேட்டாபேஸைத் திறந்தாலும் காலிக் கட்டம் இருக்கும்" என்று அவர் ஆணையர் கோதண்டபாணியைப் பார்த்துத் தொடங்குவார். "காலிக் கட்டம்னா என்ன? நிர்வாகத்தோட அறியாமை. பூரணம் அந்த அறியாமையை ஏத்துக்காது. அந்த ஆள் எங்க போறார், என்ன மருந்து வாங்குறார், எவ்வளவு கரண்ட் செலவு பண்றார், எல்லாத்தையும் பார்க்கும். பார்த்து, அந்தக் கட்டத்துல என்ன இருந்திருக்கணுமோ அதைத் தானே நிரப்பிடும்."

"தப்பா நிரப்பினா?" என்று மங்கை ஒரு முறை கேட்டார்.

"தப்பா இருக்க வாய்ப்பு குறைவான பதிலைத்தான் மேடம் நிரப்பும்."

ஆணையருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போனது. புரியாத வாக்கியங்கள் அவருக்குப் பொதுவாகவே பிடிக்கும். ஆணையத்தின் சொந்தக் கோப்புகளையெல்லாம் அன்றைக்கே பூரணத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார். "நாமளே முன்மாதிரியா இருக்கணும்" என்றார். வாசலில் 'வெற்றிடமில்லா நிர்வாகம்' என்று பேனர் கட்டினார்கள்.

திரையின் மூலையில் மட்டும் சிறிய எழுத்தில் 'பீட்டா' என்று இருந்தது.

"அது என்னப்பா?"

"பொண்ணு பார்த்தாச்சு, நிச்சயம் ஆகலைன்னு வச்சுக்கோங்க சார். மங்கை மேடம் ஓகே சொன்னதும் அந்த வார்த்தையை எடுத்துடுவோம்."

"வார்த்தையை எடுத்துட்டா போதுமா?"

"அவ்வளவுதான் சார் வித்தியாசம்."

சோதனைக்காக ஒரு தென் மாவட்டத்தில் மட்டும் பூரணத்தை ஓடவிட்டிருந்தார்கள். பழைய கணினி முறையும் அங்கே கூடவே ஓடியது. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், அந்த மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றிலிருந்து மங்கைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் ஜெபக்கனி.

"மேடம், இங்க ஒரு ஆளு செத்துட்டாரு."

"அச்சச்சோ. ரொம்ப வருத்தமா இருக்குங்க."

"வருத்தப்படாதிய. அவரு இங்கதான் உக்காந்திருக்காரு. உங்ககிட்ட பேசணுங்காரு."

மங்கை மறுநாளே ரயிலேறினார்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட அந்த மனிதரின் பெயர் சுடலைமுத்து. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். கையில் ஊசியும் குழாயுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இயந்திரம் அவர் ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. காலடியில் மனைவி பிரமு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா" என்றார் சுடலைமுத்து. "பொணம் எந்திரிச்சு நிக்கலியேன்னு கோவிச்சுக்கிடாதிய. கையில ஊசி."

"சும்மா கெடங்க" என்றார் பிரமு. "சுடுகாட்டுச் சாமி பேரை வச்சுக்கிட்டு வாயும் அப்பிடியே."

"நீ ஏம்ட்டி கோவப்படுத? விதவைப் பென்ஷன் வரும்லா உனக்கு."

"ஏற்கனவே வந்துட்டு மேடம்" என்றார் பிரமு, மங்கையைப் பார்த்து. "இவுகளை உசுரோட பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தக் காசை எப்படி மேடம் தொட? போன்ல சொன்னா, உங்க துக்கத்துல பங்கெடுக்கோம்னு ஒரு பொம்பளக் குரலு சொல்லுது."

ஜெபக்கனி திரையைத் திருப்பிக் காட்டினார். சுடலைமுத்துவின் பதிவில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. 'இறந்த தேதி' என்ற கட்டமும்தான். போன மாதத்துத் தேதி.

"இவருக்கு மட்டுமில்ல மேடம். எல்லாருக்கும் போட்டிருக்கு. எனக்கும் இருக்கு, நான் பாக்கல. தேதி வந்ததும் இது ஆளைச் செத்தவராக்கிடுது. அந்தால ரேஷன் நிக்கும், மாத்திரை நிக்கும், இந்த மெஷினும் ஓடாது. ஒவ்வொரு தடவையும் பதிவைக் கேட்டுத்தானே இது ஓடும்? இடி விழுந்து நெட்டு போனா மட்டும்தான் கேள்வி கேக்காம அவசர முறையில ஓடும். நான் பழைய சிஸ்டத்துக்குள்ள போயி இவரை உசுரோட காட்டித்தான் ஓட்டுதேன்."

மங்கை அந்தத் தேதியை மறுபடி படித்தார். உயிரோடிருக்கும் எவருக்கும் காலியாக இருந்தே ஆக வேண்டிய ஒரு கட்டம் உண்டென்பது, காலியிடத்தை ஒழிக்கப் புறப்பட்ட அறிஞர்கள் எவருக்கும் தோன்றவில்லை.

"வேற யாருக்காவது…"

ஜெபக்கனி குரலைத் தாழ்த்தினார். "செல்லக்கனின்னு ஒரு அக்கா. சர்க்கரை. வேற ஆஸ்பத்திரியில இன்சுலின் வாங்குவாவ. இறந்தவங்களுக்கு மருந்து கிடையாதுன்னு ரெண்டு வாரம் அலைய விட்டிருக்காவ. நெசமாவே போயிட்டாவ. மறுநாள் பூரணத்துல இருந்து எல்லாருக்கும் மெயிலு வந்துச்சு மேடம். 'தரவும் உண்மையும் பொருந்தின. வாழ்த்துகள்'னு."

சுடலைமுத்து இப்போது சிரிக்கவில்லை.

"நான் முப்பது வருசம் பஸ்ஸுல நின்னவன்ம்மா. கடைசி ஸ்டாப்பு வந்தா எறங்கிருவேன், சண்டை போடமாட்டேன். ஆனா பாதி வழியில விசிலு குடுத்து, நீ எறங்கியாச்சுன்னு சொன்னா எப்பிடி?"

"பழைய சிஸ்டத்தை மூடப்போறாகளாமே" என்றார் பிரமு. "உங்க கையெழுத்துலதான் இருக்குன்னு சிஸ்டர் சொன்னாவ."

"நான் சம்மதிக்க மாட்டேன்மா" என்றார் மங்கை. சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே ஆச்சரியமாகக் கேட்டார்.

சென்னை திரும்பியதும் இறுதி முடிவுக்கான கூட்டம். முந்திரி, பிஸ்கட், ஆணையர், நிரஞ்சன்.

"சார், இறந்த தேதிங்கிற கட்டம் காலியாத்தான் இருக்கணும். அந்தக் காலிதான் சார் ஒருத்தர் உயிரோட இருக்காருங்கிறதுக்கே அர்த்தம்" என்றார் மங்கை.

நிரஞ்சன் கனிவோடு புன்னகைத்தார். "ஏழு கோடி காலிக் கட்டங்கள் மேடம். ஒரே இடத்துல இவ்வளவு அறியாமையை நான் எந்த நாட்டுலயும் பார்த்ததில்லை."

"அந்தத் தேதிக்கு அப்புறமும் ஆள் உயிரோட இருந்தா?"

"இருந்தா ஏதாவது ஒரு சேவை வாங்குவாரே? ரேஷன், பஸ் பாஸ், மாத்திரை? எங்க கணக்குப்படி, தேதி தாண்டினவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பேர் அப்புறம் எதுவுமே வாங்கலை."

"நீங்கதானே எல்லாத்தையும் நிறுத்துறீங்க!"

"ஆமா. நிறுத்தின பிறகும் அவங்க வாங்கலைங்கிறதுதான் ஆதாரம்."

மங்கை ஆணையரைப் பார்த்தார். ஆணையர் முந்திரியைப் பார்த்தார்.

"மீதி அந்த ஒருத்தர்?" என்று மங்கை விடாமல் கேட்டார்.

"மனிதத் தலையீடு. யாரோ பழைய சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்சு இறந்தவங்களுக்குச் சிகிச்சை கொடுக்குறாங்க. அதை மூடிட்டா நூத்துக்கு நூறு."

"அங்க ஒரு அம்மா இன்சுலின் இல்லாம செத்துப்போயிருக்காங்க!"

"பதிவான தேதிக்கு எவ்வளவு கிட்டத்துல பார்த்தீங்களா மேடம்?" என்றார் நிரஞ்சன், உண்மையான பெருமையோடு.

மங்கை கையிலிருந்த பேனாவின் மூடி தெறித்து மேஜைக்கு அடியில் உருண்டது. யாரும் குனியவில்லை. ஆணையருக்கு அப்போது வேறொரு ஐயம் வந்திருந்தது.

"தம்பி, என்னுது எப்போ போட்டிருக்கு?"

நிரஞ்சன் தட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தி மூணு வயசு சார்."

ஆணையர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் முகத்தில் அறிவியல் மீதான நம்பிக்கை பரவியது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. சின்னச் சின்னக் குறை எதுலதான் இல்லை? மங்கை, உங்க அபிப்பிராயத்தை எழுத்துல குடுத்துடுங்க."

இந்த அலுவலகத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே யாரும் எந்தக் கோப்பிலும் 'முடியாது' என்று எழுதியதில்லை. எழுதினால் யார் கேட்டது, ஏன் மறுத்தாய், யாருடைய ஆள் நீ என்று ஓய்வு பெறும்வரை பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் மறுப்பவர்கள் தங்கள் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். கோப்பு அங்கேயே நின்றுவிடும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் அதன் பொருள் தெரியும். இப்படித்தான் ஊருக்கு நடுவே போகவிருந்த ஒரு ரசாயனக் கிடங்கு வராமல் போனது. இப்படித்தான் ஒரு நூலகமும் வராமல் போனது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கோதண்டபாணியே தன் இளமையில் இப்படி விட்ட ஒரு காலியிடத்தைப் பற்றி பணி ஓய்வு விழாக்களில் வீரக்கதைபோலச் சொல்வதுண்டு.

மங்கை தன் இருக்கைக்குப் போய் ஒப்புதல் பக்கத்தைத் திறந்தார். 'தரச் சோதனைத் தலைவரின் முடிவு' என்ற கட்டத்தில் கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. செல்லக்கனியை நினைத்துக்கொண்டார். கை விசைப்பலகையின் மேல் வந்து நின்றது. பிறகு, இந்த அலுவலகத்தில் சாத்தியமான மிகப் பெரிய வீரச்செயலைச் செய்தார். ஒன்றும் எழுதாமல் பக்கத்தை மூடினார்.

உடனே ஜெபக்கனியை அழைத்தார். "நான் ஒப்புதல் குடுக்கலைங்க. பூரணம் வராது. பழைய சிஸ்டம் ஓடும். வியாழக்கிழமை அவரை வழக்கம்போல வரச் சொல்லுங்க."

"கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாரு மேடம்" என்றார் ஜெபக்கனி.

வியாழக்கிழமை காலையில் மங்கை அலுவலகத்துக்கு வந்தபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சர்வர் அறைக் கதவுக்குச் சந்தனம், குங்குமம். பூசணித் தரப்பும் தேங்காய்த் தரப்பும் சமாதானமாகி இரண்டையும் உடைத்திருந்தன. கூடத்தில் பெரிய திரை. அதில் பூரணம் என்ற பெயர் பளபளத்தது. மூலையில் இருந்த சின்ன வார்த்தையைக் காணவில்லை.

அடுத்து திரையில் ஒப்புதல் சான்று வந்தது. 'தரச் சோதனைத் தலைவரின் முடிவு: குறைகளுக்கு உட்பட்டு ஏற்கப்படுகிறது. – மங்கையர்க்கரசி.'

கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர் நிரஞ்சனிடம் போனார். "யார் போட்டது இது?"

"நீங்க மேடம்."

"நான் காலியா விட்டேன்!"

"ஆமா, பார்த்தேன். பூரணம் காலியா விடாதே. நம்ம கோப்பெல்லாம் இப்ப அதுலதானே இருக்கு? நீங்க இதுக்கு முன்னால என்னென்ன எழுதியிருக்கீங்கன்னு பார்த்திருக்கு. ஒரு தடவைகூட நீங்க வேற மாதிரி எழுதினதே இல்லையாம். இவ்வளவு உறுதியா அது எதையுமே நிரப்பினதில்லை மேடம்." அதைப் பாராட்டாகவே சொன்னார்.

"நான் மறுத்தேன்!"

"எங்க?"

மங்கை ஆணையரிடம் திரும்பினார். "சார், உங்களுக்குத் தெரியும். காலியா விட்டா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்."

கோதண்டபாணி மாலையைச் சரிசெய்துகொண்டார். "எழுத்துல குடுங்கன்னுதானே மங்கை சொன்னேன்?"

"இப்ப எழுதுறேன். அந்தக் கட்டத்தைத் திறக்கச் சொல்லுங்க."

"நிரம்பின கட்டத்தை மாத்தணும்னா, அது காலியா இருந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் வேணும் மேடம்" என்றார் நிரஞ்சன். "பூரணத்துல காலிக் கட்டம் இருந்ததா எந்தப் பதிவும் கிடையாது."

அப்போதுதான் கைப்பை அதிர்ந்தது. ஜெபக்கனி.

"மேடம், பழைய சிஸ்டம் தொறக்க மாட்டேங்கு. இவரு வந்து படுத்துட்டாரு. மூஞ்சியெல்லாம் வீங்கியிருக்கு, மூச்சு இழுக்கு. மெஷின்ல போட்டா 'அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்'னு வருது." பின்னால் பிரமுவின் குரல் கேட்டது. "அந்தம்மா சம்மதிக்கலன்னுதானே சொன்னாவ? கேளுங்க சிஸ்டர், கேளுங்க!"

மேடையில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. மங்கை காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார்.

"ஜெபக்கனி, நெட்டு போனா அது அவசர முறையில ஓடும்னு சொன்னீங்களே?"

"ஆமா மேடம்."

"கேபிளைப் புடுங்குங்க."

செவிலியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் புடுங்கிருவேன் மேடம். ஆனா செத்தவருக்கு மெஷினை ஓட்டுனேன்னு நாளைக்கு என்னைத்தான் கேப்பாவ. எனக்கு ரெண்டு பிள்ளைய. நீங்க… எழுத்துல தருவியளா?"

ஆணையர் சொன்ன அதே வார்த்தை. மங்கைக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் இப்போதுதான் கேட்கிறார் என்று புரிந்தது.

படியிலேயே உட்கார்ந்தார். விழா நிகழ்ச்சி நிரல் கையில் இருந்தது, நல்ல வழவழப்பான அட்டை. அதைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்தக் கட்டடத்தில் பூரணத்தின் கண்ணில் படாத வெற்றிடம் அது ஒன்றுதான்.

'பூரணம் மென்பொருளுக்கு நான் ஒப்புதல் அளிக்கவில்லை. அளிக்கவும் முடியாது. அது பிழையானது, ஏற்கனவே ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. நோயாளி சுடலைமுத்து உயிரோடிருக்கிறார். இணைப்பைத் துண்டித்து இயந்திரத்தை இயக்குமாறு மருத்துவமனைக்கு உத்தரவிடுகிறேன். விளைவுகளுக்கு நானே பொறுப்பு.'

உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருந்ததா என்று தெரியவில்லை. 'முடியாது' என்ற சொல்லை எழுதும்போது 'டி' கோணலாகிவிட்டது. அடித்துத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். படமெடுத்து அனுப்பினார். குறையெதற்கும் உட்படாமல் அவர் எழுதிய முதல் வாக்கியங்கள் அவை.

சற்று நேரத்தில் தொலைபேசிக்குள் இயந்திரம் உறுமத் தொடங்குவது கேட்டது.

மாலையில் அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். உத்தரவில் காரணம் எழுத ஆணையருக்குத் துணிவில்லை. பழக்கப்படி காலியாக விட்டார். பூரணம் 'உடல்நலக் குறைவு' என்று நிரப்பிக்கொண்டது. மறுநாள் சக ஊழியர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்துத் துல்லியம் நூற்றுக்கு நூறு ஆகிவிட்டது என்று செய்தித்தாளில் படம் வந்தது. கோதண்டபாணியும் நிரஞ்சனும் ஒரு கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். தேதி தாண்டியவர்களில் ஒருவர்கூட எந்தச் சேவையும் பெறவில்லை. பிழை என்று ஒன்று பதிவாகவே இல்லை.

மங்கை படித்துக்கொண்டிருந்தபோதே ஜெபக்கனி வீடியோவில் அழைத்தார். கட்டிலில் சுடலைமுத்து. அவர் தலைமாட்டில், பிடுங்கிய நீலக் கேபிள் ஆணியில் மாலைபோலத் தொங்கியது.

"படிச்சியளாம்மா? நான் செத்ததுல நூத்துக்கு நூறு சந்தேகமில்லையாம்" என்றார் சுடலைமுத்து. "இனி எவனும் வந்து என்னைக் கொல்ல முடியாது பாத்துக்கிடுங்க."

"சும்மா கெடங்க" என்றது பிரமுவின் குரல். "விதவைப் பென்ஷனைத் திருப்பி அனுப்புனேன் மேடம். வாங்க மாட்டேங்கு. நான் வாங்கலன்னா நானும் செத்துட்டேன்னு ஆக்கிருமாம்."

ஜெபக்கனி கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"மேடம், ஒரு விசயம். பக்கத்து மாவட்டத்துல மூணு ஆஸ்பத்திரியில இருந்து கேட்டாவ. அங்கயும் தேதி வந்து ஆளுக படுத்துக் கெடக்காவளாம். கேபிளைப் புடுங்க எல்லாருக்கும் மனசிருக்கு, கையில எழுத்துதான் இல்ல. உங்க கடுதாசியில நம்ம சுடலைமுத்து பேரு இருக்கே, அங்க உள்ள ஆளு பேரை எழுதி ஒண்ணு தருவியளா? எத்தனை பேருன்னுகூட அவுகளுக்கே தெரியல."

மங்கை மேஜை இழுப்பறையைத் திறந்தார். விழா அட்டைகள் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. பணியிடை நீக்கத்தன்று அவர்களே அவருடைய சாமான்களோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, அதே வாக்கியங்களை முதலிலிருந்து எழுதினார். இந்த முறை 'டி' நேராக வந்தது. நோயாளியின் பெயர் வர வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கி, ஒரு விரல்கடை தள்ளி வைத்து மேலே எழுதிக்கொண்டே போனார்.

"பேரு எழுதலியே மேடம்?" என்றார் பார்த்துக்கொண்டிருந்த ஜெபக்கனி.

"காலியா விட்டுத்தான் அனுப்புறேன்" என்றார் மங்கை. "அங்க இருக்கிறவங்களே ஆளைப் பார்த்து எழுதிக்கட்டும்."